செம்மல் நங்கூரம் போட்ட கதை

செம்மலை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் ஒரு நங்கூரத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். மனிதரைத் திட்டுவதுபோலவே நேருக்கு நேர் நின்று, விரலை நீட்டி. "ஒன்னய நம்பிக் கடலுக்குள்ள போனேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்றான். நங்கூரம் மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதன் நாலு கொக்கியில் ஒன்று நிமிர்ந்துபோயிருந்தது. யாரிடம் இப்படிச் சண்டை போடுகிறான் என்று ஐஸ் வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் தேடினேன். ஒரு காக்கை மட்டும்தான் இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் கீரனூர். கடலுக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பிழைப்புக்காக மணமேல்குடிக்குத் தெற்கே இந்தச் சின்னக் கடற்கரை ஊரில் ஐஸ் கடை போட்டேன். முத்துராமன் என்ற பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் நான் ஐஸ் அண்ணன். கடலைக் கரையில் நின்று பார்க்கப் பிடிக்கும். படகில் கால் வைத்தால் குடல் வாய் வழியாக வெளியே வந்து எட்டிப் பார்க்கும். அதனால் நான் கடலோடு அளவாகத்தான் பழகுவேன்.

செம்மல் அளவாக எதையும் செய்கிற ஆள் இல்லை. நாற்பது வயது, குட்டையான உடம்பு, அகலமான தோள், ஊரை எழுப்புகிற குரல். என்ஜினோடு பேசுவான், வலையோடு பேசுவான், ஏலத்துக்கு வந்த மீனைக்கூட "நீ நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்பான். கோபம் வந்தால் பத்து வார்த்தை கூடுதலாகப் பேசுவான், சந்தோஷம் வந்தால் இருபது. தூக்கத்திலும் அவனுக்கு வாய் ஓயாது என்பாள் அவன் மனைவி அன்புமொழி. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதன் வாய் பேசாமல் ஒரு ஆளோடு மாதக்கணக்கில் ஒரே படகில் போய் வந்தான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் போய் வந்தான். அந்த ஆள் சேரன், அன்புமொழியின் தம்பி.

அதைச் சொல்லுமுன் கப்பலைச் சொல்லவேண்டும். கரைக்குக் கிழக்கே கடலடியில் ஒரு கப்பல் கிடக்கிறது. உண்மையில் அது கப்பலே இல்லை. எப்போதோ ஒரு புயலில் கட்டறுந்து வந்து மூழ்கிய இரும்புத் தெப்பம், சரக்கு ஏற்றுகிற தட்டையான பார்ஜ். ஆனாலும் தெப்பத்தில் மீன் பிடித்தேன் என்று எவனும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டான். கப்பலில் பிடித்தேன் என்பதில்தான் ஒரு கெத்து. சுற்றுவட்டாரம் முழுக்கக் கடலடி வெறும் சேறு. ஒதுங்க ஒரு கல் கிடையாது. அந்தச் சேற்றுக்காட்டில் இது ஒன்றுதான் மச்சுவீடு என்பதால் களவா, பாறை, ஊளி என்று மீனெல்லாம் குடும்பம் குடும்பமாக அங்கே குடியிருக்கும்.

குடியிருக்கிற மீனைப் பிடிப்பது பெரிதில்லை, அதன் வீட்டு வாசலில் படகை நிறுத்துவதுதான் பெரிது. நங்கூரத்தைக் கப்பல்மேல் போட்டால் இரும்பில் மாட்டிக்கொள்ளும். தள்ளிப் போட்டால் படகு வெறும் சேற்றின்மேல் நிற்கும், நாள் முழுக்கத் தூண்டிலை நனைத்துவிட்டு வரலாம். நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகக் கப்பலைத் தாண்டிப் போய், அங்கே சேற்றில் நங்கூரத்தை இறக்கவேண்டும். பிறகு கயிற்றை விட்டுக்கொண்டே வந்தால் நீரோட்டம் படகைப் பின்னுக்குத் தள்ளிக் கப்பலின் ஓரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். அந்த இடத்தில் கயிற்றைக் கட்டவேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் வேலை கெட்டது.

செம்மல் பின்னால் என்ஜினில் இருப்பான், சேரன் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நங்கூரத்தோடு நிற்பான். கரையில் தெரிகிற தண்ணீர்த் தொட்டியையும் சர்ச் கோபுரத்தையும் நேர்ப்படுத்திப் பார்த்து செம்மல் "போடு" என்பான். "விடு, விடு, விடு" என்பான். "கட்டு" என்பான். இந்த மூன்று வார்த்தையில்தான் அந்தப் படகின் பிழைப்பு ஓடியது. படகு சரியான இடத்தில் நின்றதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்களாம். மச்சான் மாப்பிள்ளை உறவுக்கு ஊரில் அவர்களைத்தான் காட்டுவார்கள்.

சேரன் கெட்டவன் இல்லை. ஆனால் கையில் போன் இருந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. ஒரு நாள் நல்ல மீன்பாடு. ஒரு பெரிய களவாவைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். போட்டதோடு நிற்கவில்லை. எங்கே பிடித்தாய் என்று ஒருவன் கேட்டதும் கப்பல் கிடக்கிற இடத்தின் லொக்கேஷனையும் அனுப்பிவிட்டான். மறுநாள் காலையில் இவர்கள் போய்ப் பார்த்தால் கப்பலுக்கு மேலே ஏழெட்டுப் படகு, கல்யாண வீட்டு வாசலில் பைக் நிறுத்திய மாதிரி நின்றிருக்கிறது.

கரைக்கு வந்து, ஏலக் கூட்டத்துக்கு நடுவில், செம்மல் வாயைத் திறந்தான். நான் பக்கத்தில்தான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். "இவன் வாய்க்கு ஒரு நங்கூரம் அடிச்சுப் போடணும். இல்லாட்டி ஊட்டுக்குள்ள உப்பு எங்க இருக்குன்னுகூட லொக்கேஷன் அனுப்பிருவான்" என்றான். கூட்டம் சிரித்தது. சேரனின் மாமனாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார், அவரும் சிரித்துவிட்டார். அதுதான் சேரனுக்குத் தாங்கவில்லை.

"சரிங்க மச்சான். இனிமே ஒங்ககிட்ட வாயே தொறக்கல" என்றான். சொன்னபடி திறக்கவும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ஆளுக்கொரு படகு பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே படகு அன்புமொழி பெயரில் இருந்தது. "எவன் படகவிட்டு எறங்குறானோ அவன் என் ஊட்டு வாசப்படிய மிதிக்கப் படாது" என்று அவள் சொல்லிவிட்டாள். புருஷனுக்கும் சேர்த்துத்தான். ஆகவே இரண்டு பேரும் தினமும் ஒன்றாகப் போனார்கள், ஒன்றாக வந்தார்கள், பேசவில்லை. செம்மல் என்ஜினைப் பார்த்து, "இந்த டீசல் கேன ஒருத்தரு இங்கிட்டு நகத்தி வச்சா நல்லாருக்கும்" என்பான். சேரன் கயிற்றைப் பார்த்து, "வச்சாச்சு" என்பான். நங்கூரம் போடக் கையைத் தூக்கிக் காட்டினான் செம்மல். சேரன் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தான். செம்மல் விசில் அடித்துப் பார்த்தான், "நான் என்ன நாயா?" என்று சேரன் நங்கூரத்திடம் கேட்டான். படகு பாதி நாள் சேற்றின்மேல்தான் நின்றது.

இதெல்லாம் ஊருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. அன்புமொழிக்கு அப்படி இல்லை. பங்குனி மாதம் ஒரு நாள் என் கடைக்கு வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயது மகள் அல்லி, கையில் ஒரு ஐஸ் துண்டை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம புள்ளைக்கு மொட்ட போட்டுக் காது குத்துறோம். மாமன் மடியில உக்காத்தித்தான் குத்தணும். இவரு அவனக் கூப்புட மாட்டேங்குறாரு."

"நீ கூப்பிட வேண்டியதுதானேம்மா?"

"நான் தெனமும்தான் கூப்புடுறேன். 'மச்சான் வாயால ஒரு வார்த்த வரட்டும்க்கா, வாரேன்'ங்குறான். இவருகிட்டப் போனா, 'தாய்மாமனுக்கு என்னடி அழப்பு, அது அவன் உரிம, வேணும்னா வரட்டும்'ங்குறாரு. வரலைன்னா எங்க பெரியப்பா மகன உக்கார வச்சுக்கலாமாம்." அதுவரை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குப் பிறகு முடியவில்லை. "கூடப் பொறந்தவன் கல்லுக்குண்டாட்டம் இருக்கையில எம் புள்ளய வேற ஒருத்தன் மடியில எப்படிண்ணே வைப்பேன்? அன்னைக்கு விட்டுப்போனா அவ்வளவுதாண்ணே. காலத்துக்கும் சேராது."

அவள் சொன்னது உண்மை. மாமன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டால் அந்த இரண்டு குடும்பமும் அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குக்கூட ஒட்டாது. எங்கள் கீரனூர்ப் பக்கமும் நான் பார்த்திருக்கிறேன்.

"நீங்க ஒரு நா படகுல கூடப் போங்கண்ணே. கரையில சொன்னா ஆளுக்கு ஒரு பக்கம் எந்திருச்சுப் போயிர்றாங்க. கடல்ல எங்கிட்டுப் போவாங்க?" என்றாள்.

"எனக்குக் கடல் ஒத்துக்காதும்மா."

"எலுமிச்சம்பழம் தாரேன்" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல?

மறுநாள் விடியும்போது நான் படகின் நடுவில், கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றிய மாதிரி அமைதியாகத்தான் இருந்தது. என் வயிற்றுக்கு அது தெரியவில்லை.

என்னைக் கண்டதில் இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். தூது போக ஆள் கிடைத்துவிட்டதே! "அண்ணே, அணியத்துல நிக்கிறவரு கயித்தச் சிக்கெடுத்துட்டாரான்னு கேளுங்க" என்றான் செம்மல். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம்தான். நான் கேட்டேன். "எடுத்தாச்சுன்னு சொல்லுங்கண்ணே அவருகிட்ட" என்றான் சேரன். அவரு, இவரு! சண்டை வந்தபிறகு மரியாதை ஏறிவிட்டது. உறவாக இருந்த காலத்தில் செம்மல் அவனை வாடா போடா என்றுதான் கூப்பிடுவான்.

நானும் என் வேலையைத் தொடங்கினேன். "ஞாயித்துக்கெழம நல்ல முகூர்த்தமாம்ல?" என்றேன். ஒருவன் வடக்கே பார்த்தான், மற்றவன் தெற்கே பார்த்தான். "அல்லிப் பாப்பா நேத்து மாமா மாமான்னுச்சு" என்றேன். அது பொய், அந்தப் பிள்ளை ஐஸ் ஐஸ் என்றுதான் சொன்னது. சேரனின் கழுத்து கொஞ்சம் திரும்பியது, பிறகு நின்றுவிட்டது. வீம்பு என்றால் இப்படி ஒரு வீம்பை நான் கண்டதில்லை. எனக்கே கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரையும் மண்டையோடு மண்டை முட்டவைக்கலாம்போல் இருந்தது. அதற்கு எழுந்து நிற்கவேண்டும், என்னால் எழ முடியாது.

கப்பலுக்கு மேலே வந்தோம். நல்ல வேளை, வேறு படகு இல்லை. நீரோட்டம் தெற்கிலிருந்து வந்தது. செம்மல் கப்பலைத் தாண்டித் தெற்கே படகை ஏற்றினான். தொட்டியும் கோபுரமும் நேருக்கு வந்தன. என்ஜினைத் தணித்தான்.

"அண்ணே, போடச் சொல்லுங்க!"

சரியாக அந்த நேரத்தில் என் வாய் வேறு வேலையில் இருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த டீயைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சேரன் இரண்டு கையிலும் நங்கூரத்தைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். செம்மல் சொன்னது அவன் காதில் விழாமல் இல்லை, கரைக்கே கேட்டிருக்கும். ஆனால் அது அவனுக்குச் சொன்னது இல்லையே, எனக்கு அல்லவா சொன்னது? முறைப்படி என் வழியாக வரட்டும் என்று காத்திருந்தான். செம்மலும் இன்னொரு தடவை கத்தலாம். அவனும் முறைப்படி நான் நிமிர்வதற்காகக் காத்திருந்தான். நீரோட்டம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு, "போடச் சொல்றாரு" என்றேன். சேரன் உடனே போட்டான். படகு அதற்குள் வடக்கே நகர்ந்து கப்பலின் உச்சிமேல் நின்றுகொண்டிருந்தது. கயிறு கொஞ்சம் ஓடி, டக்கென்று நின்றது. சேறாக இருந்தால் மெத்தென்று நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடித் திறந்தார்கள். அதில்மட்டும் நல்ல ஒற்றுமை.

"வெளங்கிரும்" என்று என்ஜினிடம் சொன்னான் செம்மல்.

சும்மா சொல்லக்கூடாது, மச்சுவீட்டின் மொட்டைமாடியிலேயே நிற்கிறோமே, மீன் அள்ளிக்கொண்டு வந்தது. கணவாய்த் துண்டைக் கோத்துத் தூண்டிலை இறக்குமுன் இழுத்தது. களவா, பாறை, ஒரு நீளமான ஊளி. வயிறு காலியானதால் எனக்கும் தெம்பு வந்து, ஒரு செப்பிலியை இழுத்துப் போட்டேன். சேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான், செம்மலும் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. கயிற்றை இழுத்தால் நங்கூரம் அசையவில்லை.

செம்மலின் நங்கூரத்தில் இதற்கும் ஒரு வழி இருந்தது. கயிற்றை நங்கூரத்தின் தலைவளையத்தில் கட்டமாட்டான். கொக்கிகள் இருக்கிற அடிப்பக்கத்தில் கட்டி, தலைவளையத்தோடு ஒரு மெல்லிய நூலால் சேர்த்துவைப்பான். மாட்டிக்கொண்டால் படகை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வேகமாக இழுக்கவேண்டும். நூல் அறும், நங்கூரம் வாலைப் பிடித்து உருவினமாதிரி தலைகீழாக வெளியே வரும். ஆனால் படகு திரும்பும்போது கயிறு தொளதொளவென்று அணியத்தில் குவியும், அப்புறம் ஒரே மூச்சில் விறைக்கும். "பாத்துடா", "தள்ளி நில்லுடா" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கவேண்டிய வேலை.

செம்மல் படகைத் திருப்பினான். குரல் வரவில்லை. என்ஜினை முறுக்கினான்.

சேரன் நின்ற இடத்தில் கயிறு வளையம் வளையமாகக் கிடந்தது, அவனுடைய வலது கால் ஒரு வளையத்துக்குள் இருந்தது. நான் பார்த்துவிட்டேன். அவனும் பார்த்துவிட்டான். கயிறு விறைத்தது, வளையம் சுருங்கிக் கணுக்காலைக் கவ்வியது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். அட பாவி, அந்த நேரத்திலும் ரோஷம்! எனக்குக் கத்த வரவில்லை. கயிறு அவனை விளிம்பை நோக்கி இழுத்தது.

"மச்சான்!"

அந்தக் கத்தல் முடிவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது. செம்மல் என்னைத் தாண்டி, மீன் பெட்டியை மிதித்துத் தாண்டி, கையில் கத்தியோடு அணியத்தில் இருந்தான். ஒரு கையால் சேரனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மறு கையால் கயிற்றை அறுத்தான். புதுக் கயிறு. நங்கூரம் அவனே கம்பியை வளைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றின் நுனி தண்ணீருக்குள் போயே போய்விட்டது.

சேரனை உட்காரவைத்து அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தோல் உரிந்து கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். எல்லாம் ஆடின. ஆடுகிறது என்று தெரிந்ததும் ஆரம்பித்தான் பாருங்கள்.

"அறிவிருக்காடா ஒனக்கு? கயித்துக்குள்ள கால விட்டுக்கிட்டு நிக்கிறியே, நீ கடக்கரையில பொறந்தவனா, இல்ல கந்தர்வக்கோட்டையில முந்திரி பொறுக்கிக்கிட்டு இருந்தவனா?"

"நீங்க பாட்டுக்கு முறுக்குனா? முன்னாடி ஒருத்தன் நிக்கிறானேன்னு பாக்க வேணாமா?"

"கத்துறதுக்கு என்னடா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கத்துனேன்ல!"

"மொதல்லயே கத்தணும்டா! ஒரு நிமிசம் போயிருந்தா ஒங்கக்காகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன்?"

"மொதல்லயே கத்துனா ஊரக் கூட்டி வச்சு வாய்க்கு நங்கூரம் அடிப்பீங்க. எம் மாமனாரு முன்னாடி!"

"அதுக்காக? லொக்கேஷன் அனுப்புனவன் நீதானடா!"

மாதக்கணக்கில் சேர்த்துவைத்ததெல்லாம் கொட்டியது. படகு பாட்டுக்கு மிதந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாந்திக்காக அல்ல, சிரிப்பை அடக்க. திட்டிக்கொண்டே செம்மல் தன் தலைத்துண்டைத் தண்ணீரில் நனைத்துச் சேரனின் கணுக்காலைச் சுற்றினான். சுற்றி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

"இந்தக் கால வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம எப்படிடா சம்மணம் போட்டு ஒக்காருவ? எம் புள்ள எந்த மடியிலடா ஒக்காரும்?"



"என்னய யாரு கூப்புட்டா?" என்றான் சேரன் மெதுவாக.

"நான்தான்டா கூப்புடுறேன். வாடா. நொண்டிக்கிட்டாவது வா. ஒம் மடிய விட்டா எம் மகளுக்கு வேற மடி ஏதுடா?"

செம்மல் அழுதான். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் துண்டு இல்லை. சேரன் குனிந்துகொண்டு, "வாரேன் மச்சான்" என்றான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எலுமிச்சம்பழச் சாறு பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சண்டைதான். நங்கூரம் போனதற்கு யார் காரணம், கயிறு போனதற்கு யார் காரணம் என்று என்ஜின் சத்தத்துக்கு மேலே இரண்டு பேரும் கத்திக்கொண்டு வந்தார்கள். கரையில் அன்புமொழி நின்றாள். படகு வெகுதூரத்தில் வரும்போதே அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு குரலும் கேட்டதாம். முழங்கால் தண்ணீர் வரை ஓடிவந்துவிட்டாள். தம்பியின் காலைப் பார்த்ததும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இரண்டு பேரையும் திட்டினாள். அன்று சாயங்காலமே செம்மல் வெற்றிலை பாக்குத் தட்டோடு சேரன் வீட்டுக்குப் போய் முறையாகவும் அழைத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். வேன் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து கோயில் வரைக்கும் கருவேலங்காட்டுக்குள் மணல் பாதை. தாய்மாமனை அங்கிருந்து மேளத்தோடு அழைத்துக்கொண்டு போவது வழக்கம். சேரனுக்குக் காலில் பெரிய கட்டு. ஒரு மாதம் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேர் கொண்டுவரலாமா, பைக்கில் ஏற்றலாமா என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கும்போது செம்மல் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவன் முன்னால் குனிந்தான்.

"ஏறுடா."

"வேணாம் மச்சான், ஊரே பாக்குது."

"பாக்கட்டும். ஏறு."

முன்னால் மேளம் போயிற்று. அதற்குப் பின்னால் சேரன் மனைவி சீர்த்தட்டோடு போனாள். அதற்குப் பின்னால் புதுச் சட்டை போட்ட தாய்மாமனை முதுகில் சுமந்துகொண்டு, மணலில் கால் புதையப் புதைய, பிள்ளையைப் பெற்ற அப்பன் போனான். "என்னத்தடா தின்ன? இவ்வளவு கனக்குற" என்று வழியெல்லாம் முனகினான். சேரனின் மாமனாரும் கூட்டத்தோடு வந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, பாதையில் கிடந்த முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டே நடந்தார்.

சேரனைப் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அல்லி அவன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை அலறியது. அதைவிட அதிகமாகச் சேரன் அழுதான். இரண்டு காதும் முடிந்ததும், "அப்பாகிட்ட வாடா தங்கம்" என்று செம்மல் கையை நீட்டினான். அல்லி அவன் கையைத் தட்டிவிட்டு மாமனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டது.

செம்மல் நீட்டிய கையை எடுக்கவில்லை. அந்தக் கையாலேயே சேரனின் தலையைத் தடவிக்கொடுத்தான். அன்றைக்கு அவன் வேறு எதுவும் பேசவில்லை.